வலி வந்து சேர்வதற்கு முன்

கடைசல் பட்டறைக்குப் புதிதாக வரும் எவருக்கும் முதலில் தோன்றுவது கையுறை யோசனைதான். மரம் சுழல்கிறது, உளி சீவுகிறது, சீவல் சூடாகப் பறந்து வந்து இடது புறங்கையில் விழுந்துகொண்டே இருக்கிறது. பச்சை மரமென்றால் ஈரச் சுருளாக வழிந்து போய்விடும். நன்றாகக் காய்ந்த கருவேலம் அப்படியில்லை. அதன் துணுக்குகள் தோலில் சுருக்சுருக்கென்று சுடும். சூளையில், வார்ப்படப் பட்டறையில், வெல்டிங் கடையில் எல்லாம் கைக்கு ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் வெறுங்கை?

அம்பாசமுத்திரம் பக்கம் மரச்சொப்பு கடையும் பட்டறை ஒன்றில் வேலை பழக வந்த பையன் இதையே கேட்டான். "அண்ணாச்சி, கையில உறை மாட்டிக்கிடட்டுமா?" பெரியவர் மோட்டாரை நிறுத்தினார். மரம் ஓய்ந்து நிற்கும்வரை பேசவில்லை. பிறகு, "வேண்டாம்லே. சுட்டா நீயே கையைத் தள்ளி வச்சுக்கிடுவ. உறையை மரம் புடிச்சிட்டா எவன் வந்து எடுத்துவிடுவான்?" என்றார். பேசுவதற்காக அவர் மோட்டாரை நிறுத்தியதும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நல்ல கடைசல்காரர்கள் ஓடும் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முகம் திருப்பிப் பேசுவதில்லை.

அவர் சொன்னதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். கட்டில் கால் ஒன்று, குறுக்களவு 50 மி.மீ., நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது. விநாடிக்கு 25 சுற்று. தோலில் ஏதோ மாட்டியதை உணர்ந்து கை பின்வாங்கத் தொடங்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான இளைஞருக்கே ஏறத்தாழ அவ்வளவு பிடிக்கும். அதற்குள் மரம் 5 முறை சுற்றிவிடுகிறது. அந்தக் கட்டையின் சுற்றளவு 157 மி.மீ. ஆகவே 78 செ.மீ. நூலோ துணியோ அதில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றே முக்கால் முழம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் உள்ள நீளமே ஒரு முழம்தான்.

கையுறை, வெட்டிலிருந்து கையைக் காக்கும். சூட்டிலிருந்து காக்கும். கடைசல் இயந்திரம் கைக்குச் செய்யும் பெரிய தீங்கு இந்த இரண்டும் கிடையாது. அது இழுக்கிறது. வெறும் தோல் சுழலும் மரத்தில் பட்டால் பெரும்பாலும் சிராய்ப்போடு வழுக்கி வெளியே வந்துவிடும். உறையின் ஓர் இழை மரத்தின் சிலும்பில் மாட்டினால் உறை முழுவதும் போகும். உள்ளே இருக்கும் கையும் அதோடு போகும். இப்படி இழுத்துப் பிய்ந்த விரலைத் திரும்ப ஒட்டவைப்பது, அரிவாளில் சுத்தமாகத் துண்டான விரலை ஒட்டவைப்பதைவிட மிகவும் கடினம். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் அறுந்திருக்காமல் நெடுகிலும் இழுபட்டு நைந்துபோயிருக்கும். மோதிரம் மாட்டி இழுபட்ட விரலுக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லியிலும் கோவை கங்கா மருத்துவமனையிலும் கை அறுவை மருத்துவம் உலகத் தரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அந்த மருத்துவர்களிடம் ஒரு விரலைக் கொண்டுபோக நேர்ந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். பட்டறை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கையையும் வலியையும் சேர்த்து யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வேலூர் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் தச்சும் கட்டட வேலையும் பயின்று, அப்புறம் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் கண்டது வேறு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவர் திறக்க முடியாமல் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தத் துளிகள். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரியும்படி கிழித்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. விரல்களைத் தின்றது நோய் நேரடியாக அல்ல, வலி தெரியாமல் செய்யும் அன்றாட வேலைகளே என்று பிராண்ட் அங்கிருந்து மெல்ல மெல்ல நிறுவினார். வலியை உடம்பின் காவல் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசல் பட்டறையில் நிற்கும் கைக்கு நரம்பு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் அந்தக் காவல் அங்கே உதவுவதில்லை. வேலூர்ச் சிறுவனின் கைக்கு வலி வரவே இல்லை. கடைசல்காரரின் கைக்கு வலி ஐந்து சுற்று கழித்து வருகிறது. விளைவில் அதிக வித்தியாசம் இல்லை. நாம் வாழ்நாள் முழுவதும் பழகியிருப்பது அடுப்பு, கத்தி, முள் போன்ற மெதுவான ஆபத்துகளோடு. தொட்டுப் பார், சுட்டால் எடு. இந்த வழியில்தான் கை எல்லாவற்றையும் கற்றிருக்கிறது. கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் இந்தப் படிப்பு செல்லாது. பிராண்ட் தம் நோயாளிகளுக்கு என்ன செய்தார்? தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்க்கச் சொன்னார். காயம் உண்டாக்கும் கருவிகளை மாற்றினார். நரம்பு செய்யாத வேலையைக் கண்ணிடமும் பழக்கத்திடமும் கருவியின் வடிவத்திடமும் ஒப்படைத்தார். கடைசலில் கையைக் காப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். வலி சொல்லித் தெரிந்துகொள்ள முடியாததை முன்கூட்டியே கையின் நிலையில் வைத்துவிட வேண்டும்.

வேகம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. எகிப்தில் கி.மு. 300 அளவில் எழுப்பப்பட்ட பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் கடைசல் வேலை செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் கயிறு இழுக்கிறார், எதிரே இருப்பவர் உளி பிடித்திருக்கிறார். இந்தியாவிலும் மின்சாரம் வரும்வரை கயிறு இழுத்துக் கடைந்தவர்கள் ஏராளம். கயிற்றை இழுக்க மரம் ஒரு பக்கம் சுற்றும், திரும்ப இழுக்க மறுபக்கம் சுற்றும். மரம் உளியை நோக்கி வரும் பாதிச் சுற்றுகளில்தான் வெட்டு. உளி எக்குத்தப்பாக மாட்டினால் கயிறு வழுக்கும், இல்லையென்றால் இழுப்பவர் கையில் அந்தக் கனம் தெரியும், அவர் நிறுத்துவார். இங்கிலாந்தில் பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்பவர் 1958இல் இறக்கும்வரை மரக்கிண்ணங்களைக் காலால் மிதிக்கும் கடைசலில்தான் கடைந்தார். தலைக்கு மேல் கட்டிய கம்பின் விறைப்பு கயிற்றை மேலே இழுக்கும், கால் கீழே மிதிக்கும். காலை எடுத்தால் மரம் நின்றுவிடும்.

அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. நாள் முழுக்கக் கயிறு இழுப்பது முதுகை முறிக்கும் வேலை. அதில் குழந்தைகளையும் உட்காரவைத்தார்கள். ஆனால் போனது என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட். நாளெல்லாம் உழைக்கும் மனிதர் தொடர்ந்து தர முடிவது 75 வாட் அளவு. அதாவது இன்று சாதாரணப் பட்டறையில் கடைசல்காரருக்கு எதிரே பத்துப் பேர் கயிறு இழுக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் உணர்ச்சி இல்லை.

இனி கையை அருகில் போய்ப் பார்ப்போம். வலது கை உளியின் பிடியில், இடுப்போடு ஒட்டி இருக்கிறது. உளி எவ்வளவு சாய வேண்டும் என்பதை அந்தக் கையோடு சேர்ந்து உடம்பே முடிவு செய்கிறது. இடது கைதான் மரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. கட்டைவிரல் உளியின் மேலே படிந்திருக்கும். ஆள்காட்டி விரல் அடியில், தாங்கியின் விளிம்பை ஒட்டி, நம் பக்கமாக இருக்கும். தாங்கி என்பது உளியைச் சுமக்கும் இரும்புக் கட்டை. அந்த விரல் விளிம்பைத் தடவிக்கொண்டே நகர்வதால்தான் உளி நேராகப் போகிறது. ஒருபோதும் அது தாங்கியைத் தாண்டி மரத்தின் பக்கம் போகக் கூடாது. மரம் மேலிருந்து நம்மை நோக்கி வந்து, முன்புறத்தில் கீழே இறங்கி, அடியில் நம்மைவிட்டு விலகிப் போகிறது. முன்பக்கம் நீட்டிய விரலை அது கீழே இழுத்துத் தாங்கிக்கும் தனக்கும் நடுவில் செருகும்.

உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும், பிறகுதான் மரத்தை. வரிசை மாறினால் சுழலும் மரம் உளியைத் தாங்கியின் மேல் ஓங்கி அறையும். அந்த ஓர் அறையிலேயே கை நசுங்கிவிடலாம். மழுங்கிய உளி இன்னும் மோசம். அது வெட்டாததால் ஆள் அழுத்துகிறார், அழுத்தும் கை வழுக்கினால் போய் நிற்கும் இடம் மரம்தான். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கிப் பிடி போடாமல் பயன்படுத்துவது பல இடங்களில் நடக்கிறது. அரத்தின் எஃகு நொறுங்கும் இயல்புடையது, மாட்டினால் முறியும். பிடியில்லாத வால் உள்ளங்கையில் ஏறும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை, செய்யக் கூடாது.

தாங்கிக்கும் மரத்துக்கும் இடைவெளி 3 முதல் 6 மி.மீ. இருந்தால் போதும். ஆனால் கடையக் கடைய மரம் இளைக்கிறது, இடைவெளி அகலமாகிறது. சதுரக் கட்டையாக ஏற்றியது உருண்டை ஆவதற்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். அப்போது மோட்டாரை நிறுத்தி, திருகைத் தளர்த்தி, தாங்கியை முன்னே தள்ளி, இறுக்கி, மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு மூன்று முறை. ஒரு கால் கடைந்தால் இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த நிமிடங்களுக்குக் காசு கிடையாது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி அகன்ற பிறகும் தாங்கி நகராமல் இருப்பதை நான் பார்க்கும்போதெல்லாம், அங்கே நிற்பவரின் சோம்பலைவிட அந்தக் கூலிக் கணக்கே என் கண்ணுக்குத் தெரிகிறது.

உப்புத்தாள் போடும்போது கை மரத்துக்கு மிக அருகில் போகிறது. உளி வேலை முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று மனம் தளர்வதும் அப்போதுதான். தாங்கியை முழுவதும் கழற்றி எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் விரல் சிக்க ஓர் இடுக்கு இருக்கிறது என்று பொருள். தாளை விரலில் சுற்றக் கூடாது, மரத்தைச் சுற்றி வளைத்தும் பிடிக்கக் கூடாது. விரல் நுனிகளுக்கு நடுவில் கிள்ளினாற்போலப் பிடித்து, மரத்தின் அடிப்பகுதியில், அது நம்மைவிட்டு விலகி ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். அங்கே மாட்டினால் தாள் கையிலிருந்து பறந்து போகும், கை இங்கேயே இருக்கும். மெருகு பூசும்போது பழைய பனியன் துணி வேண்டாம், காகிதம் போதும் என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதற்காகத்தான். காகிதம் கிழியும். துணி கிழியாது.

கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் அரக்குப் பூசும் முறையை இந்த நோக்கில் பார்த்தால் அதன் அறிவு புரிகிறது. பாலை மரத்தில் கடைந்த பொம்மை சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை ஓலைத் துண்டை மடித்து அழுத்தி, அரக்கைச் சீராகப் பரப்பி மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். பளபளப்புக்காகத் தேர்ந்த பொருள்தான் அது. ஆனால் விறைப்பான ஓலைத் துண்டு மரத்தைச் சுற்றிக்கொள்ளும் இயல்புடையதல்ல, நூல் பிரிவதும் இல்லை, இழுபட்டால் கையை விட்டு வழுக்கிப் போகும். சுழலும் மரத்தைத் தொடும் எதுவானாலும் விரலை விட்டுவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல். உப்புத்தாளும் ஓலையும் இதில் தேறுகின்றன. கையுறை, துணி, மோதிரம், வளையல், முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத நுனி, தோளில் கிடக்கும் துண்டு, செல்போனின் ஒயர் இவை எதுவும் தேறவில்லை.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டும். நம் ஆண்கள் பலரின் மணிக்கட்டில் கோயில் கயிறு இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அம்மாவோ மனைவியோ நேர்ந்துகொண்டு கட்டியது. கையைக் காக்கவென்று கட்டிய அந்தக் கயிறே பட்டறையில் கையை இழுக்கும் கயிறாகலாம். நன்கு முறுக்கிய நூல் சுலபத்தில் அறாது. அதன் தளர்ந்த நுனி ஓர் அங்குலம் தொங்கினால் போதும். கழற்று என்று ஒரு பையனிடம் சொல்வது அவன் வீட்டு அன்பைக் கழற்றச் சொல்வதாக அவனுக்குப் படும். மணிக்கட்டிலிருந்து எடுத்து அரைஞாணோடு முடிந்துகொள்ளச் சொன்ன முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும். யார் மனதும் புண்படவில்லை, கயிறும் உடம்பிலேயே இருந்தது. எளிய, அன்பான ஏற்பாடு.

கடைசல் பட்டறைகளில் அதிகம் கேட்கும் புத்திமதி "கவனமா இரு" என்பது. எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒரே மாதிரிக் கால்களை வரிசையாகக் கடைகிறவரின் கவனம் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தேயத்தான் செய்யும். அது மனித இயல்பு. கவனம் தேய்ந்த நேரத்திலும் கையைக் காக்கக்கூடியவை பழகிப்போன நிலைகளும் பொருள்களின் ஏற்பாடும்தான். மரத்தைப் பிடிக்கும் சக்கின் தாடைகள் ஓடும்போது ஒரு சாம்பல் மங்கலாகத்தான் தெரியும். அந்த இடத்தில் கண்ணை நம்ப முடியாது. தாங்கி எங்கே முடிகிறதோ அதற்கு அந்தப் பக்கம் கை போவதில்லை என்ற வழக்கம் மட்டுமே அங்கே உதவும். "விரல் போகாத ஆசாரி உண்டா" என்று பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். குறைபட்ட விரலைத் தொழிலின் முத்திரையாக்கும் அந்தப் பேச்சு என்னை வருத்துகிறது. பத்து விரலோடு தொழிலை முடித்து வீட்டுக்குப் போனவர்தான் அந்தத் தொழிலை முழுதாக அறிந்தவர் என்பேன்.

விரலுக்குச் சட்டம் விலை வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7 என்று இருந்தது. உளிக்கு அடியில் தாங்கியின் விளிம்பைத் தடவிப் போகும் ஆள்காட்டி விரல் இல்லாமல் ஒருவர் எத்தனை பங்கு கடைசல்காரர் என்பதை எந்த அட்டவணையும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. நம் கடைசல் பட்டறைகளில் பெரும்பாலானவை இரண்டு பேர், மூன்று பேர், ஓர் அப்பாவும் மகனும். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே ஆன இடத்தில் இழப்பீடு கேட்க எதிரே ஆள் இல்லை.

ஆகவே அங்கே செய்ய முடிவதைச் செய்தாக வேண்டும். பல பட்டறைகளில் சுவிட்ச் சுவரில், மோட்டாருக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கை மாட்டிக்கொண்டவர் மறு கையைச் சுழலும் மரத்தைத் தாண்டி நீட்டினால்தான் எட்டும். முழங்கால் உயரத்தில், நின்ற இடத்திலிருந்தே இடித்து அணைக்கக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தான் அங்கே வேண்டும். கரண்ட் போய்த் திரும்புவது இன்னொரு சங்கதி. சாதாரண சுவிட்சில் ஓடும் கடைசல், கரண்ட் போனதும் நிற்கும். ஆள் மரத்தைத் தடவிப் பார்ப்பார், திருகைச் சரிசெய்வார். கரண்ட் வந்தால் சொல்லாமல் ஓடத் தொடங்கிவிடும். கரண்ட் போனதும் தானே விடுபட்டு, பொத்தானை அமுக்கினால் மட்டும் திரும்ப ஓடும் ஸ்டார்ட்டர்கள் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கின்றன. தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வைக்கிற ஊரில் கடைசலுக்கும் ஒன்று வைக்கலாம். கரண்ட் போன உடனே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் டீக்கடைக்குக் கிளம்புவது என்று சில பட்டறைகளில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நல்ல கட்டுப்பாடுதான். ஸ்டார்ட்டர் இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டை மறந்துபோகிற நாளிலும் மரம் தானாகச் சுற்றாது.